கரைந்ததும் கரையாததும்

உருகுதல், கரைதல் என்னும் இரு சொற்களையும் நம் பேச்சு வழக்கு ஏறத்தாழ ஒன்றாகவே புழங்கிவருகிறது. மனம் உருகியது என்கிறோம். மனம் கரைந்தது என்றும் சொல்கிறோம். பக்தி இலக்கியப் பாடம் நடத்தும்போது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவது வகுப்பறை வழக்கம். ஆனால் அடுப்படியில் நிற்பவர்களுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு என்பது தெரியும். நெய் உருகும், உப்பு கரையும். உருகுவதற்கு வெப்பம் போதும், துணை வேண்டியதில்லை. உருகிய பின்னும் நெய் நெய்யாகவே இருக்கிறது. கரைவதற்கோ இன்னொரு பொருள் வேண்டும்; அதற்குள் தன் வடிவத்தை முற்றாக விட்டுக்கொடுக்கவும் வேண்டும். உருகிய நெய்யை வெந்நீரில் ஊற்றிப் பாருங்கள். வட்டம் வட்டமாக மிதக்குமே தவிர ஒருநாளும் கரையாது.

கரை என்ற சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு என்பதை இலக்கிய வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் எல்லையாக இருப்பது கரை. சேலையின் ஓரம் கரை. காகம் அழைப்பதும் கரைதல்தான். எல்லையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் எல்லையழிதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒரே எழுத்துகளில் அமைந்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் ஒரு பொருள் இன்னொன்றில் எவ்வளவு கரையும், எந்த அளவோடு நிற்கும் என்று கேட்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கரைதலுக்கும் ஒரு கரை உண்டு.

இந்தச் சொல்லாராய்ச்சிக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு நிலவியல் மாணவி.

நம் கல்லூரியில் அறிவியல் துறைகளின் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துவது தமிழ்த்துறையின் பொறுப்பு. முதுகலைத் தமிழ் படித்துவிட்டு வந்த நமக்கு, வேதியியலும் நிலவியலும் படிக்கும் பிள்ளைகளிடம் சங்கப் பாடலைக் கொண்டுசேர்ப்பது இருபது ஆண்டுகளாகப் பழகிய வேலை. மேற்சொன்ன உருகுதல், கரைதல் வேறுபாட்டைப் பற்றி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத அப்பெண் எழுந்து, "அம்மா, பூமிக்கு அடியில கல்லே உருகிக் குழம்பா இருக்குதுல்ல... அதுக்குள்ள இருக்குற கந்தகக் கனிமம் உருகுமா, கரையுமா?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கிரானைட் குழம்பில் உலோக சல்பைடுகள் கரைவது குறித்த வினாவுக்கு அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு வரியும் எழுதாமல் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. பாடக் குறிப்பு முழுவதும் ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்துவிட்டார். சொற்கள் எல்லாம் விளங்கியும் நிகழ்வு கண்முன் வரவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா என்ற யோசனை அவருக்கு இருந்தது.

நமக்கு விடை தெரியாது. நிலவியல் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அடுத்து வந்த சில மாலைகளில், அம்மாணவியும் அவர் தோழியர் இருவரும் நாமுமாக, அத்துறையின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டவற்றையும், அதன் பின்னர் நாமே தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துச் சொல்ல விழைகிறோம்.

*

முதலில் கிரானைட். கருங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்வதெல்லாம் கிரானைட் ஆகிவிடாது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் கருநிறக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்டிருந்த கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இட்ட பெயர் அது. அது வேறு கதை. கிரானைட் என்பது குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த, வெளிர்நிறப் பாறை. நிலத்தடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், குழம்பாக இருந்தது மெல்ல மெல்லக் குளிர்ந்து படிகமாவதால் உண்டாவது. அந்தக் குழம்பில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவுக்குச் சிலிக்கா இருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 700 முதல் 850 பாகை செல்சியஸ். ஹவாய்த் தீவின் எரிமலைகளில் ஓடும் பசால்ட் குழம்பு 1,100 பாகைக்கு மேல் கொதித்து ஆறுபோல் ஓடும். கிரானைட் குழம்போ அதைவிடக் குளிர்ந்தது, ஓட மனமில்லாதது. கம்பிப் பதம் தாண்டிய வெல்லப்பாகைக்கூட அதற்கு உவமையாகச் சொல்ல முடியாது. அவ்வளவு இறுக்கம்.

அடுத்தது சல்பைடுகள். கந்தகம் உலோகத்தோடு சேர்ந்த கனிமங்கள் இவை. இச்சொல்லைக் கேட்டதும் இது முழுக்க மேலைநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணுக்கு மை தந்த அஞ்சனக்கல் ஆன்டிமனியின் சல்பைடு. சித்த மருத்துவரின் சாதிலிங்கம் பாதரசத்தின் சல்பைடு. கூத்துக்கலைஞரின் முகத்துக்கு மஞ்சள் ஏற்றி, பின்னர் ஒப்பனைக்கே பெயராகிவிட்ட அரிதாரம் ஆர்சனிக்கின் சல்பைடு. மனோசிலையும் அதன் உடன்பிறப்பே. இக்கனிமங்களைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, அரைத்து, புடமிட்டு அறிந்த மரபு நம்முடையது. இதைச் சொன்னபோது நிலவியல் பேராசிரியரே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், இதை இத்தனை வருஷம் நான் பசங்களுக்குச் சொன்னதே இல்லையே" என்றார்.

ஆனால் நம் மாணவியின் வினாவுக்குரியவை வேறு சில. இரும்பின் சல்பைடுகளான பைரைட், பைரோடைட். செம்பும் இரும்பும் கலந்த சால்கோபைரைட். பொன்போல மின்னும் பைரைட்டை நீங்களும் எங்காவது பார்த்திருக்கக்கூடும்.

இப்போது ஒரு பைரைட் துண்டு கிரானைட் குழம்புக்குள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழம்பு மேலேறும்போது பக்கவாட்டுப் பாறைகளை உடைத்து உள்ளிழுத்துக்கொள்வது இயல்பான நிகழ்ச்சிதான். பைரைட் முதலில் கரைவதில்லை, உடைகிறது. அதில் ஓர் இரும்புக்கு இரண்டு கந்தகம். குறைந்த அழுத்தத்தில், ஏறக்குறைய 743 பாகையைத் தொட்டதும் ஒரு கந்தகம் கழன்றுகொள்ள, எஞ்சுவது பைரோடைட். இந்தப் பைரோடைட்டே மெல்லக் கரையத் தொடங்குகிறது. அதிலும் அவசரம் கிடையாது. அவ்வளவு இறுகிய குழம்பில் அணுக்கள் இடம்விட்டு இடம் நகர நாளாகும். குழம்பில் நீர் மிகுந்தால் சற்று விரைவு கூடும்.

கரைதல் என்பதன் பொருள் இங்கே என்ன? கிரானைட் குழம்பு, சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் ஒரு பின்னல். கந்தகம் அதற்குள் குடியேற வேண்டுமானால் ஆக்சிஜன் அமர்ந்திருக்கும் இருக்கை ஒன்று காலியாக வேண்டும். சிலிக்கனோடு பிணைந்த ஆக்சிஜன் எழுந்திருக்காது. பெரும்பாலும் இரும்பின் அருகில் இருக்கும் ஆக்சிஜனே விலகிக் கந்தகத்துக்கு இடம் தரும். ஆகவே குழம்பில் இரும்பு எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவுக்கே கந்தகத்துக்கு வரவேற்பு. பசால்ட் குழம்பில் இரும்பு ஆக்சைடு நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை உண்டு. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் கரையும். கிரானைட் குழம்பில் இரும்பு ஒன்றிரண்டு பங்குதான், வெப்பமும் குறைவு. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்காத கிரானைட் குழம்பில் கரையும் கந்தகம் பத்து லட்சத்தில் நூறு, இருநூறு பங்கோடு நின்றுவிடும். கடுகளவு என்று சொல்வதுகூட மிகை.

அந்த எல்லையை எட்டிய நிலையை நம் பள்ளிப் பாடநூல்கள் தெவிட்டிய கரைசல் என்கின்றன. பழைய நூல்களில் பூரிதக் கரைசல். நமக்குத் தெவிட்டலே பிடித்திருக்கிறது. பாயசம் மூன்றாம் கரண்டியில் தெவிட்டுவது போல, குழம்புக்கும் கந்தகம் தெவிட்டிவிடுகிறது. இதற்கு மேல் வேண்டாம் என்று ஒதுக்குகிறது. இச்சொல்லைக் கேட்டதும் அம்மாணவியின் முகத்தில் தெரிந்த மாற்றத்தை நாம் மறக்கவில்லை. ஆங்கிலச் சொல்லாகப் பக்கத்தில் கிடந்தது, நாக்கில் இருக்கும் ஓர் அனுபவமாக மாறிவிட்டது.

ஒதுக்கப்பட்டது என்னவாகும்? வெப்பம் மிகுந்த குழம்பில் அது தனித்துளிகளாகப் பிரியும். இதுதான் வகுப்பறை வினாவுக்கான விடையின் முதற்பாதி. சல்பைடு உருகியும் கரையாமல் இருக்கலாம், ரசத்தில் மிதக்கும் எண்ணெய் போல. குளிர்ந்த கிரானைட் குழம்பில் அத்துளிகள் பெரும்பாலும் திண்மணிகளாகவே இருக்கும். எண்ணெய் மேலே மிதக்கும். சல்பைடோ குழம்பைவிட ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தியுள்ளது, ஆகையால் கீழே இறங்கும். இறங்கும்போது வெறுங்கையோடு இறங்குவதில்லை. செம்பும் பொன்னும் கந்தகத்தின் மீது பெருவிருப்பமுடையவை. சல்பைடுத் துளிக்குள் செம்பின் செறிவு, அதைச் சூழ்ந்த குழம்பில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்குவரை உயரும். ஒரு குழம்பு ஆழத்திலேயே தெவிட்டிவிட்டால், அதன் செம்பெல்லாம் துளிகளோடு அடியில் தங்கிவிடும். மேலே வந்து சேரும் குழம்பு வறிய குழம்பு.

கண்டங்களின் மேலோட்டில் செம்பு நாம் எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது காணாமற் போய்விடவில்லை. மேலோட்டின் அடித்தளத்தில், சல்பைடாக, படிந்து கிடக்கிறது.

*

கிரானைட் குழம்பில் கந்தகம் இவ்வளவு குறைவாகக் கரையுமென்றால், 1991-இல் பிலிப்பைன்ஸில் நடந்ததை எப்படி விளக்குவது? இக்கேள்வி உலக நிலவியலாளர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடவில்லை.

லூசான் தீவிலுள்ள பினட்டுபோ மலை சுமார் ஐந்நூறு ஆண்டுகளாக உறங்கிக்கிடந்தது. அதன் சரிவுகளில் ஐட்டா என்னும் தொல்குடியினர் வாழ்ந்துவந்தனர். 1991 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மலை புகையத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ், அமெரிக்க ஆய்வாளர்களின் எச்சரிக்கையால் பல்லாயிரம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15 அன்று மலையுச்சி வெடித்துச் சிதறியது. சாம்பல் 35 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. அதே நாளில் யூன்யா என்னும் சூறாவளியும் அப்பகுதியைக் கடந்தது. மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளின் மீது விழுந்தது. இறந்த சில நூறு பேரில் மிகுதியானோர் இடிந்த கூரைகளுக்கு அடியில் இறந்தவர்களே. உயிர்தப்பிய ஐட்டா மக்கள் தம் மலையை இழந்தார்கள்.

அன்று வானுக்குச் சென்ற கந்தக டை ஆக்சைடு ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டன் வரை. அது மேல்வளிமண்டலத்தில் நுண்துளிப் படலமாகப் பரவி உலகைச் சுற்றியது. அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது.

இந்த மலை கக்கியது டேசைட் என்னும் பாறை. அதில் பாதியளவு படிகங்கள். அவற்றுக்கிடையில் இருந்த நீர்மமோ, வேதியியல் அளவில் கிரானைட் குழம்பேதான். வெப்பநிலை 780 பாகையை ஒட்டியிருந்தது. குவார்ட்ஸ் போன்ற படிகங்கள் வளரும்போது குழம்பின் நுண்துளிகளைத் தம்முள் சிறைப்படுத்திக்கொள்ளும். அம்பருக்குள் அகப்பட்ட பூச்சி போல அவை அப்படியே இருக்கும். அத்துளிகளைப் பகுத்துப் பார்த்தார்கள். கந்தகம் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கும் குறைவு! வெடித்த குழம்பு முழுவதிலும் கரைந்திருந்த கந்தகத்தைக் கூட்டினாலும், வானுக்குச் சென்றதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

மிச்சம் எங்கிருந்து வந்தது?

விடை படிப்படியாகக் கிடைத்தது. புதிதாக விழுந்த நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட் என்னும் கால்சியம் சல்பேட்டுப் படிகங்கள் இருந்தன. 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோதும் இதே படிகங்கள் காணப்பட்டன. முன்பெல்லாம் ஏன் கண்ணில் படவில்லை என்றால், அது மழைநீரில் கரைந்துபோகக்கூடியது. பழைய சாம்பலில் அதன் சுவடே இராது. அதாவது, குழம்பில் கரையாமல் நின்றது மழையில் கரைந்துபோயிற்று. அப்படிகங்களோடு செம்பு மிகுந்த சல்பைடு மணிகளும் இருந்தன. கீழிருந்து வெப்பமான பசால்ட் குழம்பு ஏறிவந்து, தன்னிடமிருந்த கந்தகத்தை மேலே இருந்த டேசைட் குழம்புக்குக் கொடுத்திருக்கிறது. மேலே இருந்த குழம்போ அதைக் கரைத்துக்கொள்ள இயலாதது. ஆகவே கந்தகம், வெடிப்புக்கு முன்பே, குழம்பினூடே நின்ற வளிமக் குமிழிகளில் போய்ச் சேர்ந்திருந்தது. குழம்பு அதற்கு வழி மட்டுமே விட்டது, வீடு தரவில்லை. வெடித்த நாளில் அந்தக் குமிழிகள் திறந்துகொண்டன.

*

சல்பைடு கரைவதில் ஆக்சிஜனுக்கு இருக்கும் பங்கு இங்கேதான் விளங்கத் தொடங்குகிறது. கந்தகம் இரண்டு முகமுடையது. ஆக்சிஜன் குறைந்த குழம்பில் அது சல்பைடாக, உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆக்சிஜன் மிகுந்தால் சல்பேட்டாக மாறிவிடும். உலோகத்தின் மீதிருந்த பிடி தளர்ந்துவிடும். இந்த மாற்றம் சிறுகச்சிறுக நிகழ்வதன்று. ஆக்சிஜனின் அளவு ஒரு குறிப்பிட்ட சிறிய எல்லையைத் தாண்டியதும் சட்டென நிகழ்ந்துவிடுகிறது. பசால்ட் குழம்பில் சல்பைடாகக் கரைவதைவிடப் பத்து மடங்கு கந்தகம் சல்பேட்டாகக் கரையும். கிரானைட் குழம்பில் அத்தனை மடங்கு கூடாது. எனினும் உலோகம் விடுபடுவது அங்கும் நிகழும்.

இதைக் களத்தில் நின்று கண்டவர் ஜப்பானிய நிலவியலாளர் ஷுன்சோ இஷிஹாரா. 1977-இல் அவர் கிரானைட்டுகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்தார். ஆக்சிஜன் மிகுந்த குழம்பிலிருந்து பிறந்தவற்றில் காந்தக்கல்லாகிய மேக்னடைட் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தவற்றில் அது இராது. இல்மனைட் மட்டும் சிறிதளவு காணப்படும். காந்த ஈர்ப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றைப் பாறையின் மேல் வைத்தாலே எது எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். முதற்குடும்பத்தின் அண்டையில் செம்பும் மாலிப்டினமும் கிடைக்கும். இரண்டாவதன் அண்டையில் வெள்ளீயமும் டங்ஸ்டனும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கற்கள், பிறந்தபோது பெற்ற மூச்சால் வேறுபட்டு நிற்கின்றன.

இனி, கரைந்துபோன சல்பைடின் செம்பு என்ன ஆகிறது? குழம்பு குளிர்ந்து படிகமாகும்போது அதிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. அது வெறும் நீரன்று. குளோரின் கலந்த கொதிநீர். நீர் வெளியேறும்போது கந்தகத்தையும் இழுத்துச் செல்வதால், எஞ்சியிருந்த சல்பைடு மணிகளும் நிலைகுலைந்து சிதைகின்றன. இதன் தடயம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிங்ஹாம் செம்புச் சுரங்கத்தை ஒட்டிய எரிமலைப் பாறைகளில் இருக்கிறது. சடுதியில் குளிர்ந்த பாறையில் சல்பைடு மணிகள் முழுதாக அகப்பட்டிருக்கின்றன; மெல்லக் குளிர்ந்த பாறையிலோ அவை சிதைந்து, செம்பை இழந்து, இரும்பு ஆக்சைடாக எஞ்சிக் கிடக்கின்றன. இழந்த செம்பைக் குளோரின் கைப்பற்றிக்கொண்டு மேலே போகிறது. மேலே, வெப்பம் 400 பாகையை ஒட்டித் தணியும் இடத்தில், கந்தகமும் செம்பும் மீண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. பாறைப் பிளவுகளில் சால்கோபைரைட்டாகப் படிகின்றன. சல்பைடாக இருந்தது கரைந்து, பிரிந்து, பயணப்பட்டு, மறுபடி சல்பைடாகவே ஆகிறது. ஆனால் இப்போது அது மனிதன் தோண்டி எடுக்கக்கூடிய ஆழத்தில், தோண்டத் தகுந்த செறிவில் இருக்கிறது. பிங்ஹாமில் 1906 முதல் திறந்தவெளியாகத் தோண்டிய குழி இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. நம் வீட்டு மின்கம்பிகளில் ஓடும் செம்பில் பெரும்பகுதி இவ்வகைச் சுரங்கங்களிலிருந்து வருவதே.

பினட்டுபோவுக்குத் தென்மேற்கே, அதே சம்பாலஸ் பகுதியில், டிசோன் என்னும் பழைய செம்புச் சுரங்கம் ஒன்று உண்டு. அங்கே முன்னொரு காலத்தில் குழம்பு வெடிக்காமல் நிலத்தடியில் பொறுத்திருந்தது. அதனால் செம்பு தங்கியது. பினட்டுபோவிலோ கந்தகம் வானுக்குப் போய்விட்டது. ஒரே மண்ணில் ஒன்று சுரங்கமாயிற்று, மற்றொன்று சாம்பலாயிற்று.

ஆக, செம்பின் விதியை நிர்ணயிப்பது அது கரைகிறதா என்பது மட்டுமன்று. எப்போது தெவிட்டுகிறது என்பதும்தான். முன்னதாகத் தெவிட்டினால் அடியில் தங்கிப் பயனின்றிப் போகும். கரைந்தே மேலே வந்து, உரிய இடத்தில் தெவிட்டினால் அது சுரங்கம்.

*

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாணவி ஒருநாள் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். அவர் கிரானைட் பலகைகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்பவர். "சில கல்லு பாலிஷ் போட்டப்ப கண்ணாடி மாதிரி இருக்கும்மா. ரெண்டு மழைக்காலம் போனா துரு விட்டுடும். அப்பா கல்லைப் பார்த்தே சொல்லிடுவார், இது துரு விடுற கல்லுன்னு. மினுக்குன்னு ஒரு பொட்டு தெரியுமாம்."

நிலவியல் பேராசிரியர் மேசையைத் தட்டினார். அந்தப் பொட்டு பைரைட்! கிரானைட்டில் கரையாமல் எஞ்சி நின்ற சல்பைடு மணி. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் பத்திரமாக இருந்தது, அறுத்துப் பலகையாக்கியதும் காற்றையும் மழையையும் சந்திக்கிறது. கந்தகம் அமிலமாகிறது, இரும்பு துருவாகி வழிகிறது. வாங்கியவர் கல்லைத் திருப்பி அனுப்புகிறார். பட்டறையில் கூலி பிடிக்கப்படுகிறது. அந்தக் கூலியில்தான் இந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணமும் அடக்கம் என்பது அப்போது நமக்குத் தெரியவந்தது. கிரானைட் குழம்பில் சல்பைடு கரைவதும் கரையாததும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக் கணக்கில் வந்து நிற்கும் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்க முடியுமா?

அன்று கரும்பலகையில் இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் எழுதிக் காட்டினோம். கரையாதது கறையாகிறது. மாணவர்கள் இதுவரை எத்தனையோ முறை மயங்கி எழுதிய இரண்டு சொற்கள். அதன் பிறகு அவர்களில் ஒருவரும் அவற்றைப் பிழைபட எழுதவில்லை.

அம்மாணவி அடுத்த தேர்வில் அதே வினாவுக்கு மூன்று பக்கம் எழுதினார். முதலில் தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு தம் கையாலேயே ஆங்கிலமாக்கி. இலக்கணப் பிழைகள் இருந்தன, நிகழ்வில் பிழையில்லை. படிப்பை நிறுத்தும் பேச்சு அதற்குப் பின் எழவில்லை. அவருடைய தந்தைக்கு அப்பொட்டின் பெயரையும் அதன் கதையையும் வீட்டில் சொன்னதாகவும், அவர் "அப்ப அது கல்லோட குத்தமில்ல" என்று மட்டும் சொன்னதாகவும் கேள்விப்பட்டோம்.

*

இதையொட்டி ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும்.

1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி நிலை அறிவியல் நூல்களை நூற்றுக்கணக்கில் தமிழில் வெளியிட்டது. அதற்கு முன்னும் பின்னும் கலைச்சொல் அகராதிகள் பல வந்தன. உழைத்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் விவாதித்த தலைமுறை அது. அந்நூல்களில் சில நம் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடி எடுத்தபோது பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒருவரும் பிரித்திருக்கவில்லை. சொற்கள் பிறந்தன, அழகாகப் படிகமாயின, பேச்சிலும் வகுப்பிலும் கரைவதற்கு முன்பே அடியில் போய்த் தங்கிவிட்டன. முன்னதாகத் தெவிட்டிய குழம்பின் கதைதான் இதுவும்.

அறிவியல் தமிழ் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் சொல்லைப் பற்றியவையாகவே இருந்துவருகின்றன. சல்பைடா, கந்தகையா? மாக்மாவா, கற்குழம்பா? இவை வேண்டிய விவாதங்களே. ஆனால் சொல் சரியாக இருப்பது வேறு, கரைந்திருப்பது வேறு. தெவிட்டல் என்ற சொல் அந்த வகுப்பில் வேலை செய்ததற்குக் காரணம், அது அகராதிக்கு வருமுன்பே பந்தியில் கரைந்திருந்தது என்பதே. ஒரு மொழி ஓர் அறிவைக் கரைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த அறிவு அமர்வதற்கான இருக்கைகள் அம்மொழியில் முன்னரே இருக்க வேண்டும். தமிழில் அவை இருக்கின்றன. அடுப்படியில், சித்த மருத்துவரின் கல்வத்தில், பாலிஷ் பட்டறையில். அவற்றைத் தேடிப்போய்க் காட்டும் ஆசிரியர்கள்தான் போதவில்லை. நிலவியலும் தமிழும் ஒரே மேசையில் உட்காரும் மாலைகளும் அரிது.

மனந்தளர வேண்டியதில்லை என்று அந்த நிலவியல் பேராசிரியரே ஒரு செய்தி சொன்னார். மேலோட்டின் அடித்தளத்தில் படிந்துபோன சல்பைடுகள் என்றென்றைக்கும் அங்கேயே கிடப்பதில்லை. பல லட்சம், சில இடங்களில் பல கோடி ஆண்டுகள் கழித்து, கீழிருந்து புதிய வெப்பமும் நீரும் ஆக்சிஜனும் வந்து சேர்ந்தால், அடித்தளப் பாறை இரண்டாம் முறையாக உருகத் தொடங்கும். அப்போது பழைய சல்பைடுகள் மறுபடி கரைந்து, தம் செம்பைப் புதிய குழம்பிடம் ஒப்படைக்கும். சில செம்புச் சுரங்கங்கள் அப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

நூலகத்தின் கீழ்த்தளத்திலிருந்து எடுத்த அந்த நூல் இப்போது நிலவியல் ஆய்வுக்கூடத்தின் மேசைமேல் இருக்கிறது. பக்கங்களைப் பிரித்தாயிற்று.